அன்னாரின் மைத்துனர்

1

வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் காலை எட்டேகால் மணிக்கு நான் என் அண்ணனின் வாயை அடைக்கிறேன். இதற்காகக் கையைக்கூடத் தூக்க வேண்டியதில்லை. நான் போகும் பேருந்து ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்தால் போதும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு நகரத்தில் இருபது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். என் கோட்டுப் பையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு டிஜிட்டல் ரேடியோ எப்போதும் இருக்கும். அதற்குத் தனியாக ஏரியல் கிடையாது. காதில் மாட்டும் வயர்தான் ஏரியல். வயரைச் சுருட்டிப் பையில் போட்டால் ஒன்றும் கேட்காது, நீட்டி விட வேண்டும். மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் முன் இருக்கை கிடைத்தால் கண்ணாடி மாதிரி கேட்கும். கிடைக்காவிட்டால் கழுத்தைச் சுற்றி வயரை விட்டுக்கொண்டு, தலையை அசைக்காமல், கழுத்து பிடித்துக்கொண்டவள் போல உட்கார்ந்திருப்பேன்.

பழைய ரேடியோ போல இது இரைச்சலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகாது. இருந்தால் முழுசாக இருக்கும். இல்லை என்றால் தண்ணீருக்குள் தலையை அமுக்கியது போல இரண்டு குமிழி, பிறகு ஒரே வெட்டு. பாலத்துக்கு அடியில் என் அண்ணன் ராஜமணிக்கு தினமும் அதுதான் நடக்கிறது. கடக ராசிக்காரர்களுக்கு நல்ல காலம் என்று சொல்ல வாயெடுப்பான், கொப்பளிப்பான், அடங்குவான். பாலம் கடந்து அவன் திரும்பி வருவதற்குள் நான் அணைத்துவிடுவேன்.

இந்த நகரத்துத் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன வானொலி அது. ஊர் எல்லையைத் தாண்டினால் கேட்காது. அதில் காலை நேரத்துக்குச் சொந்தக்காரன் அவன். செய்தி, ராசிபலன், எல்லாவற்றையும்விட முக்கியமாக மரண அறிவித்தல். என் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். எங்களுக்குள் உறவு அறுந்து இருபத்தாறு வருடமாகிறது. பின் எதற்காக அவன் குரலைக் கேட்கிறாய் என்று என் மகள் ஜெனி கேட்பாள். அடித்தவன் மறப்பான், அடிபட்டவள் மறக்கக்கூடாது. அதற்காகத்தான் கேட்கிறேன்.

2

என் வீடு புதுக்கடை. அப்பா செல்லையாவுக்குத் தேங்காய் மண்டி, அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே இறந்துவிட்டாள். நான் மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது அங்கே லேப் டெக்னீஷியனாக இருந்தவர் சூசை. குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்புறத்துக்காரர், கிறிஸ்தவர். நாங்கள் கரைக்காரர்கள், அதாவது கடலை விட்டு உள்ளே இருப்பவர்கள், இந்துக்கள். எங்கள் மாவட்டத்தில் கடலுக்கும் கரைக்கும் நடுவே பஸ்ஸில் அரைமணி நேரம்தான். கல்யாணம் என்று வந்தால் அது கண்டம் விட்டுக் கண்டம். நாங்கள் பதிவு செய்துகொண்டோம். அப்பா கோபித்தார், ஆனால் ஆள் அனுப்பி நான் சாப்பிடுகிறேனா என்று விசாரித்துக்கொண்டும் இருந்தார். கோபத்தைக் குறைய விடாமல் ஊதிக்கொண்டிருந்தவன் அண்ணன்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலை, எங்கள் வாடகை வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், புதுக்கடை முக்கில் மார்த்தாண்டம் பஸ் மாற நின்றேன். கோளாம்பி கட்டிய ஆட்டோ ஒன்று மெதுவாக வந்தது. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார்கள். குரல் யாருடையது என்று எனக்குக் கேட்டவுடனே தெரிந்தது. வடம் இழுப்புப் போட்டியா, கோயில் கொடையா, சாவா, அந்த வட்டாரத்தில் மைக் பிடிப்பவன் ராஜமணிதான்.

"புதுக்கடை தேங்காய் வியாபாரி செல்லையா அவர்கள் இன்று அதிகாலை காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னார், ராஜமணி அவர்களின் தகப்பனாரும், புஷ்பம் அவர்களின் மாமனாரும் ஆவார்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடக்கம் எத்தனை மணிக்கு என்பது வந்துவிட்டது.

என் அப்பா செத்ததை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கு நான் மகள் இல்லை என்பதையும் அதே மூச்சில் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் அறிவிப்பைக் கேட்பது யார் செத்தார் என்று அறிவதற்கு மட்டுமல்ல. யார் பெயர் முன்னே வருகிறது, யார் பெயர் பின்னே வருகிறது, யார் பெயர் வரவில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவர் இல்லாதவர்தான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பிறந்த நாளிலிருந்து என்னைத் தெரிந்த பழக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டு ஏத்தன் வாழைக்குலையைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஓடினேன். வீட்டு நடை வாசலில் அண்ணன் நின்றான்.

"எனக்க அப்பாவ ஒரு தடவ காணணும், அண்ணே."

"செல்லையாவுக்கு ஒரே பிள்ளதான். ஊரு முழுக்கப் பறைஞ்சாச்சு, கேக்கலியா? நீ யாருட்டி?"

சூசை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அந்த ஆட்டோ எங்கள் வாடகை வீட்டுப் பக்கமும் வந்தது. அங்கே எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவர்கூடக் கிடையாது. எனக்குக் கேட்பதற்காகவே அனுப்பியிருக்கிறான்.

3

இப்பேர்ப்பட்டவன் எப்படி என் நகரத்துக்கு வந்தான் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்வதில் எனக்குச் சந்தோஷம்தான். நர்ஸ் வேலையை "அடுத்தவனுக்க மூத்திரம் எடுக்கிய வேல" என்று சொன்னவன் அவன். முதியோர் இல்லத்தில் அதே வேலைக்கு அண்ணி புஷ்பத்துக்கு விசா கிடைத்தபோது, அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினான். அவன் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது "சார்ந்திருப்பவர்" என்ற தகுதி. அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு டீ குடித்த தெம்பு வரும்.

ஒரு முறை தமிழ்க் கடையில் எதிரே வந்தான். என்னைப் பார்த்ததும் அரிசி மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தொடங்கினான். அது கேரளத்து மட்டை அரிசி. பிறந்தது முதல் தின்பது. அதில் படிக்க என்ன இருக்கிறது?

பிறகுதான் வானொலியில் சேர்ந்தான். குரல் நல்ல குரல், மறுக்க மாட்டேன். புதுக்கடைப் பேச்சின் இழுவையை எல்லாம் கழுவித் துடைத்துவிட்டு, பாடப்புத்தகம் போலப் பேசுவான். சூசைக்கு அதைக் கேட்டால் சிரிப்பு அடங்காது. எனக்கு அந்தக் கையடக்க ரேடியோவை வாங்கித் தந்ததே அவர்தான்.

"ஒனக்க அண்ணன் வந்தாச்சு பிள்ளே, வா வா. பகைக்க இவ்வளவு ஆச உள்ளவ, நல்ல சாமான் வச்சுப் பகைக்கணும்" என்பார். கடலுக்கு ரேடியோ கொண்டுபோகிற வீட்டில் பிறந்தவர். எந்தச் சாமானுக்கு எங்கே சிக்னல் கிடைக்கும் என்பது அவருக்கு மூக்கிலேயே தெரியும். பாலத்தடியில் குரல் அறுந்துபோகும் என்பதைக் கண்டுபிடித்து எனக்குச் சொன்னவரும் அவரே.

4

போன வருடம் இதே மாதம் சூசை இறந்தார். இங்கே வந்தபின் அவருக்கு டெலிவரி வேன் ஓட்டும் வேலை; வேனில் பெட்டி ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்திநாலு.

இதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. அதைச் சுற்றியிருந்த தாள்களைப் பற்றி எழுத முடியும். வார்டுக்குப் போன் செய்து "மை ஹஸ்பண்ட் எக்ஸ்பையர்ட்" என்றேன். நம்மூரில் அப்படித்தானே சொல்வோம். எடுத்த பெண் புதியவள். விசாவா, பாஸ்போர்ட்டா என்று பரிவோடு கேட்டாள். வைத்தியர் தாள் எழுதி, அதை இன்னொரு வைத்தியர் சரிபார்த்து, பதிவு அலுவலகத்தில் நேரம் கொடுக்க ஒன்பது நாள் ஆனது. அதுவரை அவர் பிணவறைக் குளிரில் கிடந்தார். எங்கள் ஊரில் விடிந்தால் செத்தவரைப் பொழுது சாய்வதற்குள் அடக்கிவிடுவோம்.

அந்த ஒன்பது நாளில் ஒரு மாலை, வானொலிக்கு மரண அறிவித்தல் அனுப்ப ஜெனி கம்ப்யூட்டரைத் திறந்தாள். கட்டம் கட்டமான படிவம். மனைவி, மக்கள், மருமக்கள், சகோதரர், மைத்துனர். கீழே ஒரு வரி: தரப்படும் விவரம் எதையும் கூட்டாமல் குறைக்காமல் மூன்று வேளை வாசிக்கப்படும். பதிவு செய்து ஓட்டுவது இறந்தவருக்கு மரியாதை இல்லை என்று ஒவ்வொரு வேளையும் ஆள் உட்கார்ந்துதான் வாசிப்பார்கள். காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஏழு. வாசிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அந்த நிமிடம் உடம்பு சூடானது. அத்தனை நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

"எழுது" என்றேன். "மனைவி விமலா. புதுக்கடை காலஞ்சென்ற செல்லையா அவர்களின் அன்பு மகள்."

ஜெனி அடித்தாள்.

"மைத்துனர், ராஜமணி."

அவள் கை நின்றது. "மைத்துனர்னா?"

"பெண்டாட்டியுக்க ஆங்கள. அண்ணன்."

"அந்த ரேடியோ ஆளா? அவரு படிக்கும்போ அவருக்க பேரையே அவரு படிக்கணுமா?" அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. "அம்மா, இது அப்பாக்க டெத் நோட்டீஸ். உன் ரிவெஞ்ச் இல்ல."

"எனக்கும் தெரியும் மக்கா. எழுது."

"அப்பாக்கு இது பிடிக்காது."

பொய் சொல்ல மாட்டேன், அவள் சொன்னது சுட்டது. ஆனால் சூசை கடைசிவரை மைத்துனர் என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்காமலே போனார். இருபத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவரை என் பிறந்த வீட்டில் ஒருவர்கூட மாப்பிள்ளை என்றோ, மச்சான் என்றோ கூப்பிட்டதில்லை. கடற்புறத்தான் என்றுதான் சொன்னார்கள். கடற்புறத்தான் என்று சொன்னவன் வாயாலேயே அதை அழிக்க வேண்டும். ஊரெல்லாம் கேட்க என்னை இல்லாமல் ஆக்கினான். ஊரெல்லாம் கேட்க இருக்க வைக்கட்டும். என் புருஷன் செத்த துக்கத்தில் இதை நினைக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இல்லை. துக்கத்துக்கு நடுவில் என்னை எழுந்து நிற்க வைத்தது அதுதான்.

ஜெனி அனுப்பினாள். என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

5

பதிவு அலுவலகத்துக்குப் போன அன்றுதான் அறிவித்தலும். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்று வழக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் முந்தைய பேருந்தில் ஏறினேன். மேல்தளம், முன் இருக்கை, வயரை ஜன்னல் விளிம்பில் நீட்டி வைத்தேன். எட்டு மணி. அவன் குரல்.

"தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம், குளச்சலைப் பிறப்பிடமாகக் கொண்ட அந்தோணி சூசை அவர்கள்..."

சூசையின் பெயர் அவன் வாயில் வந்ததும் வயரைக் காதுக்குள் அழுத்திக்கொண்டேன். "அன்னார்," என்று தொடங்கினான். பேருந்து சரிவில் இறங்கியது. குமிழி இரண்டு. வெட்டு.

பாலம்! முந்தைய பேருந்தில் வந்தால் பாலமும் முன்னால்தானே வரும்? இத்தனை வருடம் நான் கைதட்டி ரசித்த பாலம் என் பட்டியலை விழுங்கிவிட்டது. மேலே சரக்கு ரயில் போகிறது, கீழே சிக்னலில் பேருந்து நிற்கிறது. எழுந்து நின்றேன், வயரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். பின்னால் இருந்த கிழவர் உனக்கு ஒன்றும் இல்லையே அம்மா என்று கேட்டார். பாலம் கடந்தபோது அவன் மேஷ ராசியில் இருந்தான்.

பதிவு அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு ஜெனியின் வயதுதான் இருக்கும். சூசைக்குக் குடும்பப் பெயர் அந்தோணி என்று இருந்தது. "மிஸ்டர் அந்தோணி எப்போது இறந்தார்?" என்றாள். அந்தோணி என் மாமனார், அவர் செத்து எத்தனையோ வருடமாகிறது என்று விளக்கினேன். பிறகு திருமணத்துக்கு முன் உங்கள் பெயர் என்ன என்றாள். செல்லையா விமலா என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னாள், தட்டினாள், திரையைத் திருப்பிக் காட்டினாள். அவ்வளவுதான். யாரென்றே தெரியாத ஒரு பெண், ஒரு கேள்வியும் கேட்காமல் என்னைச் செல்லையாவின் மகளாக எழுதிவிட்டாள். எனக்கு அங்கேதான் முதன்முதலாக அழுகை வந்தது. அவள் புருஷனுக்காக அழுகிறேன் என்று நினைத்து டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

மதியம் ஒரு மணிக்கு ஈமக்காரியம் செய்பவரின் அலுவலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எந்தப் பாலமும் இல்லாத தெருவாகப் பார்த்து நடந்தேன். திரையில் சிக்னல் கட்டம் அத்தனையும் நிறைந்திருந்தது.

"அன்னார், ஜெனி அவர்களின் அன்புத் தந்தையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளுமாறு..."

நடைபாதையில் நின்றுவிட்டேன். என்னையும் எடுத்துவிட்டான், தன்னையும் எடுத்துவிட்டான். கைக்கு மட்டும் வயதாகியிருக்கிறது, கத்தரிக்கோல் அதேதான். அங்கேயே நின்று வானொலிக்குப் போன் போட்டேன். அதை நடத்துபவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் தந்ததிலை இருக்குத்தான். அவர் விட்டது பெரிய பிழை. காலமையும் விட்டிட்டார் போல. நான் பின்னேரம் வேறை ஆளைக் கொண்டு வாசிப்பிக்கிறன்."

"வேண்டாம் ஐயா. அவர்தான் வாசிக்கணும்."

"ஏன் அம்மா?"

"மைத்துனர் ராஜமணி என்று போட்டிருக்கே. அது அவர்தான்."

பட்டியலின் அருமை தெரிந்த மனிதர். அவர்கள் ஊரிலும் இதே கதைகள் இருக்கும் அல்லவா?

"விளங்கீட்டுது. ஒரு எழுத்தும் விடேலாது எண்டு நானே பக்கத்திலை நிண்டு சொல்லுறன். வாசிக்கேலாது எண்டால் அவர் இந்த மைக்குக்கு முன்னாலை இனி இருக்கேலாது."

6

மாலை ஏழு மணிக்கு எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்க முடியாமல் பேருந்தில் ஏறினேன். ஜெனியும் வந்தாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டோம். வயரின் நடுப்பகுதியை அவள் விரலில் சுற்றி ஜன்னலோரம் உயர்த்திப் பிடித்தாள்.

தொடங்கினான். குளச்சல் வந்தது, சூசை வந்தார்.

"அன்னார், புதுக்கடை காலஞ்சென்ற செல்லையா அவர்களின் அன்பு மகள்... விமலா அவர்களின் அன்புக் கணவரும், ஜெனி அவர்களின் அன்புத் தந்தையும்..."

பிறகு ஒன்றும் இல்லை.

இந்த ரேடியோவில் மௌனம் என்றால் பாழுங்கிணறுதான், ஒரு இரைச்சல்கூட இருக்காது. சிக்னல் போய்விட்டது என்று ஜெனி கையை இன்னும் உயர்த்தினாள். நான் திரையைப் பார்த்தேன். கட்டங்கள் நிறைந்திருந்தன. போனது சிக்னல் அல்ல.

"...ராஜமணி... அவர்களின் மைத்துனரும் ஆவார்."

அந்த ஒரு வரியில் அவன் பாடப்புத்தகக் குரல் இல்லை. புதுக்கடை முக்கில் ஆட்டோவில் போன குரல். நான் சிரித்தேன், பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். ஜெனி என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அப்பாவுக்காக.

இறங்குவதற்குள் போன் வந்தது. தெரியாத எண். தெரிந்த மூச்சு.

"மதியாச்சா ஒனக்கு? போதுமாட்டி?"

காதிலிருந்து ரேடியோ வயரைக் கழற்றினேன்.

"விமலா... நான் நாள வாறேன். அவனெ... அவரெ ஒண்ணு காணணும். கோடி எடுக்கணும்லா."

கோடி என்பது புதுப்புடவை. எங்கள் வீட்டு வழக்கத்தில் புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஆண்பிள்ளை அதைக் கொண்டுவந்து கையில் தர வேண்டும். தராதவனை ஊர் காறித் துப்பும். மைத்துனன் என்று மூன்றாம் வேளை வாசித்துவிட்ட பிறகு அவனுக்கு வேறு வழியில்லை. அவன் கேட்டது என்னிடம் மன்னிப்பு அல்ல, ஊர் வாயிலிருந்து தப்பிக்க வழி.

"எடமும் நேரமும் நீ வாசிச்சதுலேயே உண்டு, அண்ணே. கேட்டவங்க எல்லாரும் வரலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

7

அடக்கத்துக்கு வந்தான். இந்த நகரத்துத் தமிழர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள், அவன் வாசித்ததைக் கேட்டுத்தான். அவன் நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் பை, அதில் வெள்ளைப் புடவை. தலை பாதி நரைத்திருந்தது. பெட்டி திறந்திருந்தது. சூசையின் முகத்தைப் பார்க்க நான் அவனைத் தடுக்கவில்லை. தடுத்தால் நானும் அவனும் ஒன்றாகிவிடுவோம். அவன் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து பையை நீட்டினான்.

என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஜெனி பாவம், வாங்கப் போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். அவன் நீட்டியபடி நின்றான். பின்னால் வரிசை நின்றது. யாழ்ப்பாணத்துப் பெரியவரும் அதில் நின்றார். ஒருவரும் அவனை நகரச் சொல்லவில்லை. கடைசியில் பாதிரியார் ஜெபத்தைத் தொடங்க, கையை மடக்கிக்கொண்டு சுவரோரம் போனான். அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்வரை அந்தப் பையோடேயே நின்றான்.

வருடம் ஒன்று ஆகப்போகிறது. கோடிப் புடவையை வேறு யாரும் உடுத்த முடியாது, தானமாகத் தர முடியாது, கடையில் திருப்பிக் கொடுக்கவும் மனம் வராது. அண்ணி அதை வீட்டு அலமாரியில் வைக்கச் சம்மதிக்கவில்லையாம், கார் டிக்கியில் கிடக்கிறதாம். புஷ்பத்தோடு வேலை செய்யும் ஒரு பெண் சொன்னாள். ஒரு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்ளலாமே என்றும் கேட்டாள்.

கிடக்கட்டும் என்றேன்.